குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு கோடை விடுமுறை

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த யாரிடமாவது "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வராது. "அப்பாவுக்கு அரியலூர் பக்கம், அம்மாவுக்குத் திண்டிவனம், நாங்க நெய்வேலி" என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். பிறந்தது, படித்தது, சைக்கிள் பழகி முட்டியைப் பேர்த்துக்கொண்டது எல்லாம் இங்கேதான். ஆனால் வீடு கம்பெனியுடையது. அப்பாவுக்கு 60 வயது முடிந்தால் கொஞ்ச நாளில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாசலில் வைத்த மாமரமும் கொல்லையில் வைத்த பலாவும் அடுத்து குடிவருகிறவருக்கு.

அப்படி ஒரு வீட்டில் நடந்த கோடை விடுமுறைக் கதை இது. அந்த வீட்டுப் பெரியவருக்கு ஜூன் மாதம் ரிட்டயர்மென்ட். இரண்டாம் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. பெங்களூரில் இருக்கும் மகள் ஏப்ரல் கடைசியிலேயே பிள்ளைகளுடன் வந்து இறங்கிவிட்டாள். பேரனுக்குப் பத்து வயது, பேத்திக்கு ஆறு. "ஊட்டிக்குப் போலாம்பா. ரூம் போட்டுடறேன்" என்றாள் மகள்.

"ஊட்டி எங்கயும் ஓடிப்போவாது பாப்பா. அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும். இந்த வூடுதான் இருக்காது. இங்கேருந்து கெளம்பி, ராத்திரி இங்கயே வந்து படுக்கிற மாதிரி எடமா பாத்துப் போவலாம்."

அப்படித்தான் அந்த மே மாதம் முடிவானது.

முதலில் சுரங்கம். நெய்வேலிக்காரர்கள் வெளியூர் விருந்தாளிகளுக்குத்தான் சுரங்கத்தைக் காட்டுவார்கள். சொந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட மறந்துவிடுவார்கள். மகளே பள்ளியில் படித்தபோது ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிப் போய்க் காட்டியதோடு சரி. முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பார்வை மேடைக்குப் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பூமி திடீரென்று முடிந்துபோகிறது. கீழே படிப்படியாக இறங்கும் செம்மண், அதற்கும் கீழே வெளிர் மண், அடியில் கறுத்த கோடு போலப் பழுப்பு நிலக்கரி. அந்தப் படிகளில் ஒன்றில் நின்றுகொண்டு, பொருட்காட்சி ராட்டினத்தைப் போல ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். சக்கரத்தைச் சுற்றிலும் இருக்கும் வாளிகள் மண்ணைச் சுரண்டி கன்வேயர் பெல்ட்டில் கொட்டுகின்றன. பெல்ட் அதைச் சுரங்கத்தின் மறுபக்கம் கொண்டுபோய், ஏற்கெனவே கரி எடுத்து முடித்த பள்ளத்தில் நிரப்புகிறது. ஒரு டன் நிலக்கரி வேண்டுமென்றால் ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைத் தள்ள வேண்டும்.

தாத்தா உற்சாகமாகிவிட்டார். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்த கதையைச் சொன்னார். 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததையும், 1961-இல் முதல் முதலாக நிலக்கரி கண்ணில் பட்டதையும் சொன்னார். பூமிக்கடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு கிளம்பிவிடும் என்று கையை விரித்துக் காட்டினார். பேத்தி பயந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேரனுக்கு வேறு சந்தேகம். "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப எங்க இருந்தீங்க?"

அவர் ஆட்காட்டி விரலை நீட்டினார். விரல் காட்டிய இடத்தில் தரை இல்லை. பள்ளத்துக்கு மேலே வெறும் காற்று.

"அதோ, அந்த மெஷின் நிக்குதுல்ல, அதுக்கு நேர் மேல. நம்ம வூடு, பக்கத்துல ஒரு புளியமரம், அதுக்குப் பின்னால முந்திரித் தோப்பு."

மகளுக்கு இது தெரியும். அப்பா குடும்பத்தின் நிலம் சுரங்கத்துக்குப் போனது, அதற்குப் பதிலாகத்தான் அவருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் வீட்டில் பலமுறை பேசியதுதான். ஆனால் அப்பா பிறந்த வீட்டுக்கு நேர் கீழேயே அவர் வருஷக்கணக்கில் ஷிஃப்ட் பார்த்திருக்கிறார் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. சுற்றுவட்டாரத்தில் நிலம் எடுப்பு என்ற பேச்சு வந்தாலே இன்றும் ஊர் கொதிப்பது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மேடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மின்சாரம் வேண்டும்தான். அது எங்கிருந்து வருகிறது என்று சுவிட்சைப் போடுகிற பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு நாள் கழித்து வடலூர். ஆர்ச் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போய்வந்த ஊர். அப்பாவுக்கு வார விடுமுறை புதன்கிழமை விழுந்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஷிஃப்ட் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி மரியாதை கிடையாது.

வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் போனாலும் சாப்பாடு. டோக்கன் இல்லை, ஜாதி இல்லை, எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. பெங்களூர் மாலில் நூடுல்ஸுக்கு வரிசையில் நின்று பழகிய பேரன், தரையில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். "பில் எவ்ளோ தாத்தா?" என்று அவன் கேட்டதற்குப் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பில் பந்தியே திரும்பிப் பார்த்தது.

பக்கத்திலேயே எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. 1872-இல் முதல் ஜோதி தரிசனம் நடந்த இடம். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி காட்டுவார்கள். அன்று கூட்டத்தில் சின்னக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போவது கஷ்டம். சாதாரண நாளில் போனால் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம். புலால் உண்ணாதவர்கள் மட்டுமே உள்ளே போக வேண்டும் என்பது அங்கே விதி. ஆயாவும் மகளும் சைவம்; உள்ளே போனார்கள். தாத்தா வெளியிலேயே நின்று கும்பிட்டார்.

"நீங்க ஏன் போகல?"

"மீன் கொழம்ப வுட முடியலடா. அவர ஏமாத்தக் கூடாது இல்ல?"

காலையில் ஆம்லெட் சாப்பிட்டிருந்த பேரனும் யோசித்துவிட்டுத் தாத்தாவுடனேயே நின்றுகொண்டான்.

வீராணம் ஏரி ஏமாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வன்' இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது; ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான். ஆயா அந்த நாவலைத் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்த பைண்டிங்கில் படித்தவர். வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் இறங்கிப் பார்த்தால் தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது. "கடல் மாதிரி இருக்கும்னு சொன்னீங்க ஆயா?" என்றாள் பேத்தி. மே மாதத்தில் போனால் அப்படித்தான். மேட்டூர் திறந்து, கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்த பிறகு, ஆடி முதல் தை வரை போய்ப் பாருங்கள்; பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி, 15 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது அப்போதுதான் தெரியும். இந்தத் தண்ணீர்தான் நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்தில் சுத்திகரித்து, குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். (விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலையைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்காதீர்கள். பல வருஷங்களாக அவர்கள் முதுகெலும்பு அதற்குச் சாட்சி.) மதியம் போகவே போகாதீர்கள். கோயில் நடை சாத்தியிருக்கும், வெறுங்காலை வைக்க முடியாதபடி கல் கொதிக்கும். நான்கு மணிக்கு மேல் போனால் புல்வெளி முழுக்கக் குழந்தைகளுக்குத்தான். பெரிய நந்திக்கு எதிரே ஓடிப்பிடித்து விளையாடலாம். சிங்க முகக் கிணற்றின் வாய்க்குள் எட்டிப் பார்க்கலாம். வடக்குப் பக்கச் சுவரில் சிவன் தன் கையாலேயே சண்டேசருக்குத் தலையில் மாலை சுற்றும் சிற்பத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

கிளம்பும் முன் மாளிகைமேட்டுக்கும் போனார்கள். ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். இரண்டரை நூற்றாண்டு சோழர் தலைநகராக இருந்த ஊரில், அரண்மனைக்கென்று மிஞ்சியிருப்பது செங்கல் அடித்தளம்தான்.

பேரன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ராஜாவும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டாரா தாத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாதான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

வெள்ளி கடற்கரைக்கு ஒரு சாயங்காலம். கடலூர்க் கடல் அழகுதான். இறங்கிக் குளிப்பதற்கு இழுப்பு அதிகம். கணுக்காலோடு நிறுத்திக்கொண்டு சுண்டலும் பஜ்ஜியும் சாப்பிட்டு வரலாம். வேறொரு நாள் விருத்தாசலம் பழமலைநாதர் கோயில். பண்ருட்டிச் சாலையில் பலாப்பழம் மலையாகக் குவிந்திருக்கும் பருவம் இது. அந்த மாதத்தில் கார் டிக்கியில் பலா வாசனை இல்லாமல் அவர்கள் எந்த ஊரிலிருந்தும் வீடு திரும்பவில்லை.

பிச்சாவரத்துக்குப் பொழுது விடிவதற்குள் கிளம்பினார்கள். இது முக்கியம். எட்டு மணிக்கெல்லாம் படகுத்துறையில் இருந்துவிட்டால் வெயிலும் குறைவு, வரிசையும் குறைவு. தொப்பி, தண்ணீர் பாட்டில் இரண்டும் கட்டாயம். மோட்டார் படகு வேகமாகப் போகும், ஆனால் அகலமான வாய்க்காலோடு சரி. துடுப்புப் படகுதான் சந்துகளுக்குள் நுழையும். குழந்தைகளோடு போகிறவர்கள் துடுப்புப் படகையே கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோ எடுக்கக்கூடக் கழற்ற வேண்டாம்.

உள்ளே போகப் போகச் சத்தம் குறைந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் குடைக்கம்பிகளைப் போல வேர்களைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. மேலே கிளைகள் பின்னிக்கொண்டு கூரை போட்டிருக்கின்றன. தலையைக் குனிந்துதான் போக வேண்டும். வேர்களில் சிவப்பு நண்டுகள் ஏறி இறங்கின. இந்த மரத்தில் ஓர் அதிசயம் உண்டு. விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும். பிறகு கீழே விழுந்து சேற்றில் ஈட்டி போலக் குத்தி நின்றுவிடும். இல்லாவிட்டால் தண்ணீரில் மிதந்துபோய் எங்கே சேறு கிடைக்கிறதோ அங்கே வேர் பிடிக்கும். படகுக்காரர் அப்படி ஒன்றை எடுத்துப் பேத்தி கையில் கொடுத்தார்.

"சுனாமி வந்தப்ப இந்த மரங்கதான் முன்னால நின்னு வாங்கிக்கிச்சு பாப்பா. இது இல்லன்னா எங்க ஊரு இன்னும் மோசமாப் போயிருக்கும்" என்றார். 2004-ஐ நேரில் பார்த்தவர். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. துடுப்பைப் போடத் தொடங்கிவிட்டார்.

ஆயாவுக்கு 'இதயக்கனி' எடுத்த இடம் எது என்று தெரிந்தாக வேண்டும். எம்.ஜி.ஆர். நடித்து 1975-இல் வந்த படம். படகுக்காரருக்கு அது மனப்பாடம். தினமும் பத்து பேர் கேட்பார்களாம். கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தைக் காட்டி, "அதைத் தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான்" என்றார். அதுதான் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். ஊருக்குப் பெயர் கொடுத்த காடு இன்று ஊரில் இல்லை. இங்கே உப்புத் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தால் வெளிநாட்டுப் பறவைகளும் உண்டு. மே மாதத்தில் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும்தான். பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

திருவக்கரைக்கு இந்த வெயிலில் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய விவாதம். வக்கிரகாளி அம்மனைப் பார்க்க வேண்டும் என்று ஆயாவும், கல்மரப் பூங்காவைக் காட்ட வேண்டும் என்று தாத்தாவும் சேர்ந்துகொண்டதால் மகள் தோற்றாள். பூங்காவில் நிழல் குறைவு. தரையில் மரத்துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கிட்டே போய்த் தட்டினால் கல். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள். மண்ணில் புதைந்து, தண்ணீரில் கரைந்திருந்த மணற்சத்து உள்ளே இறங்கி, பட்டையும் வரியும் அப்படியே இருக்கக் கல்லாகிவிட்டவை.

பத்து நிமிடத்தில் பேரனுக்குப் போரடித்துவிட்டது. தாத்தா அவனை ஒரு கல்மரத்தின் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"சுரங்கத்துல அடியில கறுப்பா பாத்தியே, அதுவும் மரம்தான்டா. மண்ணுக்குள்ள போன மரம். சில துண்டுல வரி தெரியும், பட்ட தெரியும். இங்க கல்லாப் போச்சு, நம்ம ஊர்ல கரியாப் போச்சு. பிச்சாவரத்துல பாத்தது உசுரோட நிக்குது."

பேரன் கல்மரத்தின் வரிகளை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "நம்ம வீட்டுப் பலா மரம் என்ன ஆகும்?" என்றான்.

தாத்தாவிடம் அதற்குப் பதில் இல்லை.

விடுமுறை முடியும் தறுவாயில் டவுன்ஷிப்புக்குள்ளேயே இருக்கும் நடராஜர் கோயிலுக்குப் போனார்கள். அங்கே பத்தடி உயரப் பஞ்சலோக நடராஜர். குறையிருந்தால் தாளில் எழுதி முறைப்பெட்டியில் போட்டுவிட்டு மணி அடிக்கலாம். பேரன் தாள் வாங்கி, கையால் மறைத்துக்கொண்டு நான்கு வரி எழுதினான். என்ன எழுதினான் என்று யாருக்கும் சொல்லவில்லை. மணியை மட்டும் மூன்று தடவை அடித்தான். ஆயாவுக்குத் தெரிந்திருக்கும், திரும்பும்போது அவன் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

அன்று ராத்திரி மகள் பேச்சை எடுத்தாள். "எங்ககூட பெங்களூர் வந்துடுங்கப்பா. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது." மாப்பிள்ளையும் போனில், "மாமா, யோசிக்கவே யோசிக்காதீங்க" என்றார்.

டவுன்ஷிப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் நடக்கும் பேச்சு இது. பாதிப் பேர் பிள்ளைகளோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். கையில் பணம் இருந்தவர்கள் முன்பே வடலூரிலும் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் மனை வாங்கிப் போட்டிருப்பார்கள். இவர் வாங்கவில்லை. நிலம் போன வீட்டுப் பிள்ளைக்கு நிலத்தின் மேல் நம்பிக்கை வருவதில்லை.

"ஒரு மாசமா அலையறோமே, ஒரு நாளாவது எனக்கு வழி கேக்கத் தோணுச்சா?" என்றார் அவர். "எந்தக் கடையில டீ நல்லா இருக்கும், எந்தத் திருப்பத்துல பள்ளம் இருக்கும், எல்லாம் கண்ண மூடிக்கிட்டே சொல்வேன். அங்க வந்தா லிஃப்டுல எந்த பட்டன அமுக்கறதுன்னு ஒன்னத்தான் கேக்கணும்."

மகள் பேசாமல் எழுந்துபோய்ப் பழைய அலமாரியை ஒழிக்கத் தொடங்கினாள். மேல்தட்டில் நெய்வேலி புத்தகக் கண்காட்சியின் பைகள், மடித்து மடித்து அடுக்கியிருந்தன. 1998-இல் முதல் கண்காட்சி நடந்தபோது அவளுக்கு ஆறு வயது. லிக்னைட் அரங்கத்துக்கு அப்பா தோளில் உட்காரவைத்துத் தூக்கிப் போய் வாங்கிக்கொடுத்த படக்கதைப் புத்தகம் ஒரு பைக்குள் இருந்தது. அதை எடுத்துப் பேத்தியின் பெட்டியில் வைத்தாள்.

ஜூன் முதல் வாரம் பிள்ளைகள் பெங்களூர் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் ஆயாவும் வடலூரில் நான்கு வீடு பார்த்தார்கள். மூன்று மாடியில், ஆயாவுக்கு முட்டிவலி. நான்காவது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கீழ்வீடு. ஹால் சின்னது. குழாயில் தண்ணீர் காலையில் மட்டும். பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு மண் தரை இருந்தது. ஆயா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம், "இங்க ஒரு பலாக்கன்னு வச்சா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?" என்று கேட்டார்.

"வேர் சுவத்துப் பக்கம் வராமப் பாத்துக்கங்க" என்றார் அவர்.

அட்வான்ஸ் கொடுத்தார்கள். கொல்லைப் பலாவின் கொட்டைகளில் பத்தை எடுத்து, கறுப்பு பிளாஸ்டிக் பையில் செம்மண் போட்டு ஆயா அன்றைக்கே ஊன்றினார். ஏழு முளைத்திருக்கின்றன.